ஒரே தண்டவாளம், இரண்டு அளவு: பிரிட்டிஷ், அமெரிக்க மாடல் ரயில் தொடங்குபவர்களுக்கு

மாடல் ரயில் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். தண்டவாளப் பொட்டலத்தின் மேல் ‘ஓஓ/எச்ஓ’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பேச்சுவாக்கில் எல்லோரும் அப்படியே சொல்லவும் செய்கிறார்கள். பிறகு பிரிட்டிஷ் ஸ்டேஷன் ஒன்று, அமெரிக்க டீசல் எஞ்சின் ஒன்று, ஜெர்மன் வீடு இரண்டு என்று சேர்த்து மேசையில் வைத்தால் ஏதோ ஒட்டவில்லை. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, தடம் புரளவும் இல்லை. ஆனால் பிளாட்பாரத்தில் நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை, எஞ்சின் டிரைவரைவிட ஒரு தலை உயரமாக இருக்கிறது.

ஓஓவும் எச்ஓவும் ஒன்றல்ல. அவை ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு வேறு அளவுகள். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் எதை வாங்கலாம், எவ்வளவு இடம் வேண்டும், எந்தப் பெட்டி எதோடு சேரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும்.

கொலுப் பொம்மையும் கேஜ் மாற்றமும்

கொலுவில் படிகளுக்குக் கீழே மண் பரப்பிப் பூங்கா அமைப்பார்கள். அங்கே செட்டியார் பொம்மை, பக்கத்துக் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். கொலுவுக்கு அது அழகு. மாடல் ரயிலில் அதற்கு இடமில்லை. மேசைமேல் உள்ள எஞ்சின், வீடு, மனிதர், கார் எல்லாமே நிஜப் பொருளிலிருந்து ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். அந்த விகிதத்தின் பெயர் ஸ்கேல். 1:87 என்றால் நிஜத்தில் 87 மி.மீ. உள்ளது மாடலில் 1 மி.மீ. பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாக மாடல் சிறிதாகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு தவறான பொருளை வாங்கியவர்கள் நிறைய.

கேஜ் என்ற சொல்லை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீட்டர் கேஜ் பாதை பிராட் கேஜாக மாறிய ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். மீட்டர் கேஜில் அது 1000 மி.மீ.; இந்திய, இலங்கை பிராட் கேஜில் 1676 மி.மீ. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றைய முக்கியப் பாதைகள் 1435 மி.மீ. அகலம் கொண்டவை. இதற்கு ஸ்டாண்டர்டு கேஜ் என்று பெயர்.

ஆக, ஸ்கேல் என்பது மாடல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது. கேஜ் என்பது பாதையின் அகலம். ஒழுங்காக இருந்தால் நிஜக் கேஜை ஸ்கேலால் வகுத்தால் மாடலின் கேஜ் வர வேண்டும். அமெரிக்கர்கள் பெரிதும் பயன்படுத்தும் எச்ஓவின் ஸ்கேல் 1:87.1. 1435-ஐ 87.1-ஆல் வகுத்தால் 16.48. எச்ஓ தண்டவாளத்தின் கேஜ் 16.5 மி.மீ. கணக்கு சரியாக இருக்கிறது.

பிரிட்டனில் பரவலாக உள்ள ஓஓவின் ஸ்கேல் 1:76.2. அதே கணக்கைப் போட்டால் 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் ஓஓ வண்டிகளும் 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. 2.3 மி.மீ. குறைவு. ஓஓ ஸ்கேலில் அந்தப் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1257 மி.மீ.தான் வரும். அதாவது நான்கடி எட்டரை அங்குலப் பாதையில் ஓட வேண்டிய வண்டி, நான்கடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுகிறது.

இந்தப் பொருத்தமின்மை எப்படி வந்தது

எச்ஓ என்ற பெயரே ‘பாதி ஓ’ என்பதன் சுருக்கம். பிரிட்டனின் பழைய ‘ஓ’ அளவில் நிஜத்தின் ஓரடி மாடலில் 7 மி.மீ. அதில் பாதி 3.5 மி.மீ. அதுவே எச்ஓ. பிரிட்டிஷ் கணக்கிலிருந்து பிறந்த இந்த அளவைப் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களே கைவிட நேர்ந்தது. காரணம், அவர்களுடைய நிஜ எஞ்சின்கள் ஒல்லியானவை.

ரயில் முதலில் வளர்ந்த நாடு பிரிட்டன். சுரங்கங்களும் பாலங்களும் பிளாட்பாரங்களும் அந்தக் காலத்துச் சிறிய வண்டிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. எதிலும் இடிக்காமல் போக ஒரு வண்டி எவ்வளவு அகலமும் உயரமும் இருக்கலாம் என்ற வரம்புக்கு லோடிங் கேஜ் என்று பெயர். பிரிட்டனில் அது ஏறத்தாழ ஒன்பது அடி அகலம், பதின்மூன்று அடி உயரம். அமெரிக்காவில் பத்தடி எட்டு அங்குல அகலமும் பதினைந்து அடிக்கு மேல் உயரமும் சாதாரணம். 1920, 30களில் கிடைத்த மின்மோட்டார்கள் தடித்தவை. 3.5 மி.மீ. கணக்கில் செய்த பிரிட்டிஷ் எஞ்சினின் மெலிந்த பாய்லருக்குள் அவை நுழையவில்லை. எஞ்சின் உடலை ஓரடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கி, தண்டவாளத்தை மட்டும் 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். உடல் அகன்றதால், மாடலில் தவிர்க்க முடியாமல் தடிப்பாக இருக்கும் சக்கரங்களுக்கு வெளியே இயக்குத்தண்டுகளைப் பொருத்தவும் இடம் கிடைத்தது. 1938-இல் ஹார்ன்பி டப்ளோ என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் வரிசை இந்த ஓஓ அளவில் வந்தது. பிறகு மோட்டார்கள் விரலளவுக்குச் சுருங்கிவிட்டன. ஆனால் அதற்குள் பிரிட்டிஷ் வீடுகளில் ஓஓ வண்டிகள் நிறைந்துவிட்டதால் யாராலும் மாற்ற முடியவில்லை.

அமெரிக்க எஞ்சின்களோ 3.5 மி.மீ. கணக்கிலேயே மோட்டாரை விழுங்கும் அளவுக்குப் பெரியவை. அவர்களுக்கு இந்தச் சமரசம் தேவைப்படவில்லை.

ஓஓ என்பது எச்ஓவைவிட நீளத்தில் 14 சதவீதம்தான் பெரிது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அப்படி என்பதால் பருமனில் ஒன்றரை மடங்கு வந்துவிடுகிறது. கடை அலமாரியில் இது ஏன் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. பிரிட்டனின் கிளாஸ் 37 டீசல் எஞ்சின் ஓஓவில் ஏறத்தாழ 246 மி.மீ. நீளம். அமெரிக்காவின் எஸ்டி40-2 எச்ஓவில் ஏறத்தாழ 241 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பம் போல இருக்கும். ஏனென்றால் நிஜத்தில் அமெரிக்க எஞ்சின் ஏழடி கூடுதல் நீளம். மாடலாகச் சுருங்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. கதவின் உயரத்தைப் பாருங்கள், உண்மை தெரியும். ஆறடி மனிதர் ஓஓவில் 24 மி.மீ., எச்ஓவில் 21 மி.மீ.

இந்தக் குறையைப் பொறுக்க முடியாதவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அதே 4 மி.மீ. ஸ்கேலில் 18.2 மி.மீ. கேஜ் வைப்பது இஎம் முறை; துல்லியமாக 18.83 மி.மீ. வைப்பது பி4 முறை. சக்கரங்களை மாற்ற வேண்டும், தண்டவாளத்தைப் பெரும்பாலும் கையால் செய்ய வேண்டும். உயர்ந்த கலை, ஆனால் முதல் வருடத்துக்கு உரியதல்ல. பக்கவாட்டில் பார்க்கும்போது ஓஓவின் குறை தெரிவதே இல்லை. நேர் எதிரே நின்று பார்த்தால் மட்டும் சக்கரங்கள் உடலுக்குள் ஒடுங்கியிருப்பது தெரியும்.

இதுவரை பார்த்தது: எச்ஓ 1:87, ஓஓ 1:76, இரண்டுக்கும் கேஜ் 16.5 மி.மீ. பொட்டலத்தில் உள்ள ‘ஓஓ/எச்ஓ’ பாதையின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. தண்டவாளத்தைப் பொதுவாக வாங்கலாம். வண்டி, வீடு, மனிதர், கார் ஆகியவற்றைப் பொதுவாக வாங்கக் கூடாது.

மற்ற அளவுகளிலும் இதே கதை

‘என்’ என்ற எழுத்தால் குறிக்கப்படும் சிறிய அளவில் கேஜ் 9 மி.மீ. அமெரிக்காவில் அதன் ஸ்கேல் 1:160, பிரிட்டனில் 1:148. மேசையில் பெரிய நிலக்காட்சி வேண்டும், நீளமான ரயில் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றது. சிறு தூசி பட்டாலும் நின்றுவிடும் என்பதால் சுத்தம் அதிகம் தேவை.

‘ஓ’ அளவில் கேஜ் 32 மி.மீ. பிரிட்டனில் 1:43.5, அமெரிக்காவில் 1:48. இங்கே அமெரிக்கர்களின் பாதைதான் பிசகு: 1:48 கணக்கில் அது ஐந்தடிக் கேஜாகிவிடுகிறது.

டிடி 120 என்ற அளவு கணக்கில் சுத்தமானது. ஸ்கேல் 1:120, கேஜ் 12 மி.மீ. 2022-இல் பீக்கோ, ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் தம் நாட்டு வண்டிகளுக்காக இதைக் கொண்டுவந்தன. டிடி என்ற எண்ணம் 1940களில் அமெரிக்காவில் பிறந்தது என்றாலும், இன்று அமெரிக்க வண்டிகள் அந்த அளவில் அரிது.

பலகைமேல் பாதையும் காட்சியும் சேர்ந்த முழு அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர். முதல் லேஅவுட்டுக்கு, பிரிட்டிஷ் என்றால் ஓஓ, அமெரிக்கம் என்றால் எச்ஓ என்று தொடங்குவதே நல்லது. உதிரிகளும் பழைய வண்டிகளும் மிகுதியாகக் கிடைப்பது இவற்றில்தான். கீழே உள்ளவை எல்லாம் இந்த இரண்டையும் வைத்தே.

நாடு, காலம், சொற்கள்

அளவைத் தேர்ந்தெடுப்பதும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதும் உண்மையில் ஒரே முடிவு. அதோடு ஒரு பத்து வருட காலத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல வேலி இல்லை.

பிரிட்டனில் 1923 முதல் நான்கு பெரிய கம்பெனிகள் இருந்தன: கிரேட் வெஸ்டர்ன், எல்எம்எஸ், எல்என்இஆர், சதர்ன். 1948-இல் அவை தேசியமயமாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆயின. நிலையான நீராவி ஓட்டம் 1968-இல் முடிந்தது. 1923-க்கும் 1947-க்கும் இடையே ஒரு கம்பெனி, அல்லது 1955 முதல் 1965 வரை ஒரு கிளைப்பாதை என்று வைத்துக்கொண்டால் வண்டிகள் இயல்பாக ஒத்துப்போகும். அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுத் தேசியமயம் நடக்கவில்லை. பென்சில்வேனியா, சாண்டா ஃபே, யூனியன் பசிபிக் என்று தனியார் கம்பெனிகளே ஓட்டின. 1940, 50களில் நீராவி போய் டீசல் வந்தது. இரண்டு வகை எஞ்சினும் ஒரே யார்டில் நிற்கும் அந்தக் காலம் மாடல் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு நன்மை: சரக்குப் பெட்டிகள் கம்பெனி விட்டுக் கம்பெனி நாடு முழுதும் சுற்றும். ஆகவே ஒரே ரயிலில் பத்து நிறம், பத்துப் பெயர் இருந்தால் தவறில்லை.

நம் ரயில்வே பிரிட்டிஷார் போட்டது என்பதால் பிரிட்டிஷ் சொற்கள் நமக்குப் பழக்கமானவை: பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), வேகன் (சரக்குப் பெட்டி), ஷன்டிங் (பெட்டிகளைப் பிரித்து மாற்றிச் சேர்ப்பது), கார்டு வண்டி, ஸ்லீப்பர் கட்டை. அமெரிக்கர்கள் இவற்றையே முறையே டர்ன்அவுட் அல்லது ஸ்விட்ச், ஃப்ரைட் கார், ஸ்விட்சிங், கபூஸ், டை என்பார்கள். பார்வைக்கு மறைவாக ரயில்களை நிறுத்தி வைக்கும் பகுதி பிரிட்டனில் ஃபிடில் யார்டு, அமெரிக்காவில் ஸ்டேஜிங் யார்டு. ஒரு வேறுபாடு உண்டு: ஃபிடில் யார்டில் வண்டிகளைக் கையால் எடுத்து மாற்றி அடுக்குவார்கள், ஸ்டேஜிங்கில் பொதுவாகக் கைவைப்பதில்லை.

எவ்வளவு இடம்: வளைவு முடிவு செய்கிறது

தொடங்குபவர்களின் இரண்டாவது தவறு இங்கே. நேர்ப்பாதை எவ்வளவு நீளம் என்று அளக்கிறார்கள். இடத்தைத் தின்பது வளைவு. நிஜ ரயில் வளைவுகளை அப்படியே சுருக்கினால் ஒரு வீட்டின் கூடம்கூடப் போதாது. ஆகவே எல்லா மாடல் வளைவுகளும் நிஜத்தைவிடப் பல மடங்கு கூர்மையானவை. கூர்மை ஒரு எல்லையைத் தாண்டினால் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துத் தடம் புரளும்.

பிரிட்டிஷ் ரெடிமேட் வளைவுகள் ஆரத்தால் எண்ணிடப்பட்டவை: முதலாம் ஆரம் 371 மி.மீ., இரண்டாம் ஆரம் 438, மூன்றாம் ஆரம் 505, நான்காம் ஆரம் 572. இன்றைய ஓஓ எஞ்சின்களில் பல இரண்டாம் ஆரத்துக்குக் கீழே ஓடாது. முதலாம் ஆரத்தை மறந்துவிடலாம். இரண்டாம் ஆர வட்டத்தின் விட்டம் 876 மி.மீ. பெட்டிகள் வெளியே துருத்தும் பகுதியையும் ஓரத்தையும் சேர்த்தால் பலகை ஒரு மீட்டர் அகலமாவது வேண்டும்.

அமெரிக்க எச்ஓவில் 18 அங்குலம் (457 மி.மீ.), 22 அங்குலம் (559 மி.மீ.) இரண்டும் வழக்கமான ஆரங்கள். நாலு அச்சு டீசலும் 40 அடி, 50 அடி சரக்குப் பெட்டியும் 18 அங்குலத்தில் திரும்பிவிடும். ஆறு அச்சு எஞ்சினுக்கு 22 வேண்டும். 85 அடிப் பயணிகள் பெட்டி எச்ஓவில் 298 மி.மீ. நீளம். அதை 18 அங்குல வளைவில் விட்டால் மேசையிலிருந்து பாதி வெளியே எட்டிப்பார்க்கும். நம்பகமான ஒரு கைக்கணக்கு: ஓட்டப்போகும் மிக நீளமான பெட்டியின் நீளத்தை மூன்றால் பெருக்குங்கள், அந்த அளவு ஆரம் இருந்தால் பிரச்சினை குறைவு. 140 மி.மீ. நீளமுள்ள 40 அடிப் பெட்டிக்கு 420 போதும், 298 மி.மீ. பெட்டிக்கு 894 வேண்டும். சிறிய இடம் என்றால் நீண்ட பயணிகள் ரயில் மீதுள்ள ஆசையை ஒத்திவைப்பதே நல்லது.

அமெரிக்காவில் எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றின் மேல் முதல் லேஅவுட் போடுவது பெரிய மரபு. நம் மரக்கடைகளிலும் அதே அளவுப் பலகைதான். 22 அங்குல ஆர வட்டம் அதில் உட்காரும், இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மிஞ்சும். ஆனால் மனிதக் கை வசதியாக எட்டும் தூரம் 75 செ.மீ.தான். நான்கடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கம் தடம் புரளும் வண்டியை எடுக்க வழியில்லை. சுற்றிலும் இரண்டடி நடைவழி விட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு அடித் தரை தேவை; அதாவது ஓர் அறையே போய்விடும். இதனால்தான் சுவரோரம் அலமாரி போல நீளும், ஓரடி முதல் இரண்டடி அகல லேஅவுட்டையே புதியவர்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறோம்.

தண்டவாளத்தின் உயரம், பெட்டிகளின் கொக்கி

தண்டவாளங்களுக்கு இன்னோர் எண்ணும் உண்டு: கோட் 100, கோட் 83, கோட் 75. இது தண்டவாளக் கம்பியின் உயரம், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 83 என்றால் 2.1, கோட் 75 என்றால் 1.9. கேஜ் மூன்றுக்கும் 16.5 தான். அமெரிக்க லேஅவுட்டில் கோட் 83, அந்த நாட்டுக் கட்டை இடைவெளியோடு வருவது, கண்ணுக்குச் சரியாக இருக்கும். பிரிட்டிஷ் லேஅவுட்டில் கோட் 75 அழகு. ஆனால் பழைய வண்டிகள் ஓட்ட எண்ணினால் கோட் 100 எடுங்கள். அவற்றின் சக்கர விளிம்பு ஆழமானது. தாழ்ந்த கம்பியில் ஓடினால், கம்பியைக் கட்டையோடு பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிகளில் தட்டிக் கடகடவென்று குதிக்கும்.

பெட்டிகளை இணைப்பது கப்ளிங். இங்கே இரு நாட்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. ஓஓ வண்டிகளில் டென்ஷன் லாக் என்ற வளையமும் கொக்கியும் கொண்ட அமைப்பு. பார்வைக்குப் பெரிது, ஆனால் கூர்வளைவிலும் விடாது. எச்ஓ அமெரிக்க வண்டிகளில் நக்கிள் கப்ளர், இரண்டு கைவிரல்கள் மடங்கிக் கோத்துக்கொள்வது போல. நிஜ அமெரிக்கப் பெட்டிகளிலும் அதுதான். கேடி நிறுவனத்தின் எண் 5 இதில் நெடுநாளாக அளவுகோல் போல இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தம் வைத்தால் கை படாமலே கழலும். காந்தம் இல்லாவிட்டால் மெல்லிய மூங்கில் குச்சியை நடுவே விட்டுத் திருப்பினால் போதும். ஓஓ பெட்டிக்கு அடியில் என்இஎம் எனப்படும் செருகு குழி இருந்தால் அதிலும் கேடி மாட்டலாம். எண் 17 முதல் எண் 20 வரை நான்கு நீளங்களில் வருகிறது.

நக்கிள் கப்ளரில் எழும் தொல்லைகளில் பெரும்பாலானவை உயரத்தால் வருபவை. ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் மேடு பள்ளத்தில் நழுவிக் கழலும். கேடியின் உயரம் பார்க்கும் உலோகக் கருவியைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்த்துவிட்டே ஓட விடுங்கள். எடையும் பாருங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ எச்ஓவுக்குச் சொல்லும் கணக்கு, அடிப்படையாக 28 கிராம், பிறகு பெட்டியின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். ஐந்தரை அங்குலப் பெட்டி 105 கிராம் இருக்க வேண்டும். கடைப் பெட்டி லேசாக இருந்தால் உள்ளே ஒரு நட்டோ வாஷரோ ஒட்டினால் சரியாகிவிடும்.

சுருங்கச் சொன்னால், பிரிட்டிஷ் பெட்டியையும் அமெரிக்கப் பெட்டியையும் ஒரே பாதையில் விடலாம், கப்ளிங்கை மாற்றாமல் ஒரே ரயிலாகக் கோக்க முடியாது. கம்பி உயரம் பழைய சக்கரத்துக்கும், வளைவு நீளமான பெட்டிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

மின்சாரம்: டிசியும் டிசிசியும்

டிசி பழைய முறை, எளிய முறை. கன்ட்ரோலர் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் தருகிறது. வோல்ட் கூடினால் எஞ்சின் வேகமாக ஓடும். பிளஸ், மைனஸ் மாறினால் பின்னோக்கி ஓடும். பாதையில் உள்ள எல்லா எஞ்சினுக்கும் அதே மின்சாரம் போவதால் இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். ஒன்றை நிறுத்தி வைக்க, பாதையை மின்சாரம் துண்டிக்கும் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும்.

டிசிசி வேறு விதம். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. திருச்சி வண்டிக்குக் காத்திருப்பவர் மட்டும் எழுந்து போகிறார். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம், சுமார் 15 வோல்ட், திசை மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். துடிப்புகள் குறுகியும் நீண்டும் வருவதில் ‘மூன்றாம் எண் எஞ்சினே, மெல்ல முன்னே போ’ என்ற செய்தி எழுதப்பட்டிருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு மின்னணுத் தட்டு இருக்கும். அது தன் எண்ணுக்கு வரும் செய்தியை மட்டும் கேட்டு மோட்டாரை ஓட்டும். புது டிகோடரின் எண் பெரும்பாலும் 3.

இங்கே ஒரு சொல் பலரை ஏமாற்றியிருக்கிறது. ‘டிசிசி ரெடி’ என்றால் டிகோடர் உள்ளே இருக்கிறது என்று பொருள் இல்லை. டிகோடர் செருகும் குழி மட்டும் இருக்கிறது. ‘டிசிசி ஃபிட்டட்’ என்றால்தான் டிகோடரோடு வருகிறது. குழியில் எட்டு முனை, இருபத்தொரு முனை, பதினெட்டு முனை என்று வகை உண்டு. எஞ்சின் கையேட்டில் பார்த்துவிட்டு டிகோடர் வாங்க வேண்டும். டிகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி பாதையில் நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டார் முனகிக்கொண்டே சூடேறிக் கெட்டுவிடும். டிசி கன்ட்ரோலரையும் டிசிசி கன்ட்ரோலரையும் ஒரே பாதையில் ஒருசேர இணைப்பது இரண்டையும் பாழாக்கும்.

கடல் கடந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்டுக்கானது. இந்திய, இலங்கை 230 வோல்டில் செருகினால் எரியும். அடாப்டரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயமில்லை. பிரிட்டிஷ் கன்ட்ரோலருக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஒரே எஞ்சின் ஓட்டப்போகிறீர்கள் என்றால் நல்ல டிசி கன்ட்ரோலர் ஒன்றே நிறைவு தரும்.

முதல் லேஅவுட்: இரண்டு பாயின்ட், எட்டு வேகன்

வட்டமாகச் சுற்றும் ரயில் ஒரு வாரத்தில் சலிக்கும். பிரிட்டனில் ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற ஷன்டிங் புதிர் அப்படியல்ல. அமெரிக்காவில் ஜான் ஆலன் செய்த டைம்சேவர் இதற்கு உறவு. ஆனால் அதற்கு ஐந்து பாயின்ட் வேண்டும். தொடங்குபவர்களுக்கு இங்கிள்நூக் போதும்.

அமைப்பு இதுதான். ஒரு முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கும் அளவுக்கு ஒரு பாதை. அது முதல் பாயின்டில் பிரிந்து, ஒரு கிளை ஐந்து வேகன் நிற்கும் சைடிங் (வண்டி நிறுத்தும் பக்கப்பாதை) ஆகிறது. மறு கிளை இரண்டாவது பாயின்டில் பிரிந்து மூன்று மூன்று வேகன் நிற்கும் இரண்டு சைடிங் ஆகிறது. ஓஓவின் பழைய நாலு சக்கர வேகன் கப்ளிங்கோடு ஏறத்தாழ 90 மி.மீ. என்பதால் எல்லாம் 1.3 மீட்டர் பலகையில் அடங்கும். எச்ஓவில் 40 அடிப் பெட்டி கப்ளரோடு 150 மி.மீ.; அதே புதிருக்கு 1.8 மீட்டர் வேண்டும். ஓஓ பெரிய ஸ்கேலாக இருந்தும் குறைந்த இடத்தில் அடங்குவதற்குக் காரணம், பிரிட்டனின் நிஜ வேகன்கள் அவ்வளவு சிறியவை என்பதே. அகலம் இரண்டுக்கும் 30 செ.மீ. போதும்.

பலகைக்கு 9 மி.மீ. பிளைவுட், அடியில் 50×25 மி.மீ. சட்டம், 35 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். பாயின்ட் நகரும் இடத்துக்கு நேர் கீழே குறுக்குச் சட்டம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அங்கே மோட்டார் பொருத்த நேரும். எம்டிஎஃப் பலகையை வாங்காதீர்கள், ஈரம் குடித்துத் தொய்யும். மேலே 3 மி.மீ. கார்க். பாதைக்கு, ஏறத்தாழ 219 மி.மீ. நீள மீடியம் பாயின்ட் இரண்டு, 914 மி.மீ. நீள வளையும் தண்டவாளம் ஓஓவுக்கு மூன்று, எச்ஓவுக்கு நான்கு. இணைப்புத் துண்டு ஒரு பொட்டலம். வாங்கும் முன்னே பீக்கோ தரும் பாயின்ட் வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி, மேலே வேகன்களை வைத்துப் பாருங்கள். பிழைகளில் பாதி இந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

கம்பியை வெட்டியதும் முனைப் பிசிறை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிசிறு இணைப்புத் துண்டை நெளிக்கும், சக்கரத்தைத் தட்டும். இணைப்புகளில் தபாலட்டை தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். ஆணியை முழுதாக அடித்து இறுக்கினால் கட்டையின் நடு பள்ளமாகி இரு கம்பியும் உள்ளே சாயும், கேஜ் குறுகும். தலை கட்டையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

மின்கம்பி இரண்டே இரண்டு. எஞ்சின் நிற்கும் முனைப் பாதையில் கம்பிக்கு ஒன்றாகப் பற்றவையுங்கள். பாயின்டுக்கு மின்சாரம் எப்போதும் நாக்குகள் உள்ள ஒற்றை முனைப் பக்கமிருந்து போக வேண்டும். மறுபக்கமிருந்து கொடுத்தால் சிலவகைப் பாயின்டில் ஷார்ட் ஆகும். இப்படிக் கொடுத்தால் பல வகைப் பாயின்டுகளில், அது திரும்பியிருக்கும் பக்கத்துக்கு மட்டுமே மின்சாரம் போகும். அவற்றுக்குத் தனி ஸ்விட்ச் தேவையில்லை.

எஞ்சின் தேர்வில் ஒரு எச்சரிக்கை. பாயின்டில் இரு கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் முனைக்கு ஃபிராக் என்று பெயர். சில பாயின்டுகளில் அது பிளாஸ்டிக், மின்சாரம் இல்லாத இடம். நாலே சக்கரமுள்ள குட்டி எஞ்சின் அதன் மேல் மெதுவாக வரும்போது நின்றுவிடும். பிரிட்டிஷ் என்றால் ஆறு சக்கர டேங்க் எஞ்சின், அமெரிக்கம் என்றால் எட்டுச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கும் யார்டு டீசல் வாங்குங்கள்.

ஜல்லி ஒட்டும் முன் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், முக்கியமாக வேகன்களைப் பின்னோக்கித் தள்ளி. எல்லா வேகனும் ஒரே இடத்தில் புரண்டால் கோளாறு பாதையில். ஒரே வேகன் பல இடங்களில் புரண்டால் கோளாறு சக்கரத்தில். ஓஓவில் இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.5 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எஞ்சின் விட்டு விட்டு ஓடினால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் அன்றைக்கு ஓடும். அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். எல்லாம் சரியான பிறகு ஜல்லி தூவி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பிவிஏ பசையில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் ஜல்லியை உருட்டிக்கொண்டு போகும். பாயின்டின் நகரும் பகுதிக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். ஒரு சொட்டு உள்ளே போனாலும் பாயின்ட் இறுகிவிடும்.

இனி விளையாட்டு. நீளச் சைடிங்கில் ஐந்து, குட்டைச் சைடிங் ஒன்றில் மூன்று வேகன் நிறுத்துங்கள். எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும், கையால் தூக்கக் கூடாது. மொத்தம் 6720 வரிசைகள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. முதல் நாள் ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் ஆனால் கவலைப்படாமல், எத்தனை நகர்வில் முடித்தீர்கள் என்று சீட்டின் பின்புறம் குறித்து வையுங்கள்.